உவரிக் கடற்கரையில் ஒமேகா சென்டாரி

மாசி அமாவாசைக்கு உவரியைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம், அங்கே தெற்குப் பக்கம் முழுக்கக் கடல். திசையன்விளையிலிருந்து வந்து கப்பல் மாதா கோயிலைத் தாண்டி, ஊர் விளக்கெல்லாம் முதுகுக்குப் பின்னால் போகும் வரை மணலில் நடந்தால் எதிரே இருட்டுதான். தென்மேற்கில் மட்டும் கூடங்குளம் பக்கத்து வெளிச்சம் லேசாகத் தெரியும்.

நான் படம் பிடிக்கத் தேடிப் போனது ஒமேகா சென்டாரி. சுமார் 17,000 ஒளியாண்டு தொலைவில், ஏறத்தாழ ஒரு கோடி விண்மீன்கள் உருண்டையாகத் திரண்டு கிடக்கும் கொத்து. இங்கிலாந்து வானத்தில் அது எழுவதே இல்லை. எட்மண்ட் ஹாலி 1677-இல் செயின்ட் ஹெலினா தீவிலிருந்துதான் அதைப் பார்த்துக் குறித்தார். டெல்லியில் தொடுவானத்துக்கு மேல் அதிகபட்சம் 14 பாகை ஏறும். உவரியில் 34 பாகை! திருநெல்வேலிச் சீமைக்காரர்களுக்கு இது பெரிய கொடுப்பினை. இருந்தும் நம் ஊர்ப் பிள்ளைகள் அதிகம் பேர் அதைப் பார்த்ததில்லை என்பது எனக்கு ஆற்றாமைதான்.

அதிகாலை மூன்று மணி வாக்கில் அது தெற்கே உச்சிக்கு வந்தது. வெறும் கண்ணுக்கு மங்கலான ஒரு புள்ளி, அவ்வளவே. கடலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் நின்று, "தம்பி, இந்த இருட்டுக்குள்ள என்னத்தப் புடிக்கீய?" என்றார். காட்டினேன். "சரி, அந்தா வலப்பக்கம் குருசு கணக்கா நிக்கே, அதையும் புடிங்க" என்றார். அவர் சொன்னது தென்சிலுவை விண்மீன்களை. "கண்டிப்பா அண்ணாச்சி" என்றேன்.

என்னிடம் இருப்பது கிராப் சென்சார் (முழு ஃபிரேமை விடச் சிறிய சென்சார்) கேமரா, 135 மி.மீ. லென்ஸ், ஒரு முக்காலி. பூமி சுழல்வதால் ஷட்டரை அதிக நேரம் திறந்து வைத்தால் விண்மீன் கோடாக இழுபடும். எவ்வளவு நேரம் தாங்கும் என்பதற்கு '500 விதி' என்று ஒரு தோராயக் கணக்கு உண்டு: 500-ஐ 135 × 1.5-ஆல் (1.5 என்பது கிராப் சென்சாருக்கான பெருக்கம்) வகுத்தால் இரண்டரை விநாடி வருகிறது. நான் 2 விநாடி வைத்தேன். ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 3200, கேமரா எதையும் மாற்றாமல் சேமிக்கும் ரா ஃபார்மட். அப்படி 300 படம். காற்றில் முக்காலி ஆடாமல் இருக்க, பையில் மணலை நிரப்பி நடுவில் தொங்கவிட்டேன். பிறகு மூடியைப் போட்டு அதே அமைப்பில், சென்சாரின் இரைச்சலைக் கழிப்பதற்கான டார்க் படங்கள். இவற்றை அங்கேயே, அதே வெப்பத்தில் எடுக்க வேண்டும்; நம் கடற்கரை இரவு வெக்கையில் சென்சார் இரைச்சல் கூடுதல். விடியும்போது வெள்ளை வேட்டியை இரண்டாக மடித்து லென்ஸ் மேல் இழுத்துப் பிடித்து, வெளுத்த வானத்தைப் பார்த்து ஃபிளாட் படங்கள். மூலைகள் கறுப்பதையும் தூசிப் பொட்டுகளையும் இவைதான் சரிசெய்கின்றன. புதிதாக வருபவர்கள் விட்டுவிடுவது ஃபிளாட்டைத்தான். விடவே கூடாது.

பாளையங்கோட்டைக்குத் திரும்பியதும் இந்தப் படங்களை ஒன்றாகச் சேர்க்கும் சிரில் மென்பொருளைத் திறந்தேன். இலவசம்தான். லைட் (விண்மீனை எடுத்த படங்கள்), டார்க், ஃபிளாட், பயாஸ் (மூடியைப் போட்டு மிகக் குறைந்த நேரத்தில் எடுப்பவை) என்று தனித்தனி ஃபோல்டரில் போட்டுக்கொடுத்தால், அதில் உள்ள ஸ்கிரிப்ட்டே ஒவ்வொரு படத்திலும் விண்மீன்களை அடையாளம் கண்டு ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திவிடும். விண்மீன் எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் விழும்; இரைச்சல் படத்துக்குப் படம் இடம் மாறும். அதனால் சராசரி எடுக்கும்போது இரைச்சல் அடங்குகிறது. 300 படத்துக்கு வர்க்கமூலக் கணக்கில் சுமார் 17 மடங்கு தெளிவு. குறுக்கே போன செயற்கைக்கோள் கோடுகளை, சராசரியிலிருந்து ரொம்ப விலகும் புள்ளிகளை ஒதுக்கும் சிக்மா கிளிப்பிங் தூக்கிவிட்டது.

ஸ்டாக் ஆன (அடுக்கிச் சேர்த்த) படம் முதலில் கன்னங்கரேல் என்றுதான் இருக்கும். பயப்பட வேண்டாம், விவரமெல்லாம் ஹிஸ்டோகிராமின் (வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடத்தின்) இருண்ட பக்கமான இடது ஓரத்தில் ஒடுங்கிக் கிடக்கிறது. முதலில் பின்னணி வெளிச்சத்தை நீக்கினேன். கூடங்குளம் பக்கத்து வலது பக்க வெளுப்பு போயிற்று. அப்புறம் ஸ்ட்ரெச், அதாவது மங்கலான பகுதிகளை வெளிச்சமாக இழுப்பது, கொஞ்சம் கொஞ்சமாக. ஒவ்வொரு இழுப்புக்கும் ஓரத்து விண்மீன்கள் பொடிப்பொடியாகப் பிரிந்து வந்தன. அந்த அரை மணி நேரம் திரையை விட்டுக் கண் எடுக்க முடியவில்லை. நடுப்பகுதி வெள்ளைத் திட்டாகத் தொடங்கும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் இழுத்தால் இளமஞ்சள் நிறமெல்லாம் தொலைந்துவிடும்.

மூன்று மணிக்கு எழ முடியாதவர்கள் சித்திரை அமாவாசைக்குப் போங்கள். அப்போது இரவு பதினொரு மணி வாக்கிலேயே ஒமேகா சென்டாரி தெற்கே உச்சியில் நிற்கும்.