ஜெராக்ஸ் கடை பாக்கி

போன ஆகஸ்டில் ஒரு மாலை, நான் முன்பு வேலை பார்த்த பள்ளிக்கு எனக்குப் பிறகு வந்த கணக்கு டீச்சர் போன் செய்தார். தயங்கித் தயங்கித்தான் பேசினார்.

"சார், தப்பா நெனச்சுக்காதீங்க. ஜெராக்ஸ் கடையில உங்க பேர்ல 340 ரூபாய் பாக்கி இருக்காம். ஸ்கூல் கணக்குதானே, நீங்க குடுத்துடுங்கன்னு என்னைக் கேக்கறார்."

வெட்கமாகப் போய்விட்டது. மாறுதல் கிடைத்த அவசரத்தில் மறந்திருக்கிறேன். ஜிபேயில் உடனே அனுப்பிவிடுகிறேன் என்றேன். அவர் அதோடு விடவில்லை.

"இன்னொண்ணு சார். பரீட்சைக்கு ஆட்டோ, சனிக்கிழமை சாப்பாடு எல்லாம் நீங்கதான் பாத்துக்கிட்டீங்களாம். பெத்தவங்க கேக்கறாங்க. அது எந்த ஃபண்டுல சார் எடுப்பீங்க?"

"அது... நாமளா பாத்துக்கறதுதான் டீச்சர்" என்றேன். அந்த 'நாம'வில் அவரையும் சேர்த்துக்கொண்டது போனை வைத்த பிறகுதான் உறைத்தது. அவர் நிரந்தர ஆசிரியர் இல்லை. பெற்றோர்கள் அதிகம் இருக்கும் பள்ளி மேலாண்மைக் குழு வழியாக, மாதம் 15,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் வந்தவர். அதுவும் மாதா மாதம் சரியாக வருகிறதா என்று நான் கேட்கவில்லை.

அவர் சொன்ன பரீட்சை என்எம்எம்எஸ், அதாவது எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதும் தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித் தொகைத் தேர்வு. தேறினால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய். தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 6,695 இடங்கள். கூலி வேலைக்குப் போகும் வீட்டில் நாலு வருடத்துக்கு 48,000 ரூபாய் என்பது, பெண்ணைப் பத்தாவதோடு நிறுத்தலாமா என்ற பேச்சையே தள்ளிப்போடும். அதனால்தான் ஒன்பது வருடம் அந்தப் பள்ளியில் சனிக்கிழமைகளை இதற்கு எழுதிக் கொடுத்திருந்தேன். திருவண்ணாமலை மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி. எட்டு வகுப்புக்கும் சேர்த்து 86 பிள்ளைகள்.

தேர்வில் இரண்டு தாள். மனத்திறன் 90 கேள்வி, படிப்புத்திறன் 90 கேள்வி. எண் தொடரும் கண்ணாடிப் பிம்பமும் பாடப்புத்தகத்தில் அந்த அளவுக்கு இல்லை. பழைய வினாத்தாள்களைப் போட்டுப் பழக்கினால்தான் உண்டு. ஒரு பிள்ளைக்கு ஒரு முழு மாதிரித் தேர்வு என்றால் இருபது பக்கத்துக்கு மேல் ஜெராக்ஸ். அதோடு விடையை வட்டம் நிரப்பிக் குறிக்கும் ஓஎம்ஆர் தாள். கருப்புப் பால் பாயிண்ட் பேனாவால் வட்டத்தை நிரப்பச் சொன்னால் முதல் வாரம் பாதிப் பேர் டிக் அடிப்பார்கள். ஒருத்தி தினமும் வீட்டுக்குப் போய் வாசலில் கோலப்பொடியால் வட்டம் போட்டு நிரப்பிப் பழகினாள். அவள் தாளில் ஒரு வட்டம்கூடப் பிசகாது. பதிவெண் கட்டத்தை மட்டும் தலைகீழாக நிரப்புவாள். அதற்கு நாலு சனிக்கிழமை ஆயிற்று.

சனிக்கிழமை சத்துணவும் கிடையாது, காலை உணவும் கிடையாது. பதினோரு பிள்ளைகள் ஒன்பது மணிக்கு வந்து ஒன்றரை வரை உட்கார்ந்திருக்கும். முதலில் பன்னும் வாழைப்பழமும் வாங்கினேன். அப்புறம் என் மனைவி தக்காளிச் சாதம் கட்டிக் கொடுக்க ஆரம்பித்தாள். (வீட்டு அரிசியை இதுவரை எந்தக் கணக்கிலும் நான் சேர்த்ததில்லை, அவள் சேர்த்திருப்பாள்.) தேர்வு தாலுகா தலைநகரில், காலை ஒன்பதரைக்கு. முதல் டவுன் பஸ் வந்தால் வந்தது. பெண் பிள்ளைகளுக்கு அதில் கட்டணமே இல்லைதான், ஆனால் வராத பஸ்ஸில் இலவசம் என்ன செய்யும்? ஆகவே இரண்டு ஆட்டோ.

தேறிவிட்டால் முடிந்ததா என்றால், உண்மையான வேலையே அங்கேதான் தொடங்கும். வருமானச் சான்று, ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு, தேசிய உதவித்தொகைத் தளத்தில் பதிவு, ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிப்பு. அதற்குள் பிள்ளை வேறு ஊர் உயர்நிலைப் பள்ளிக்குப் போயிருக்கும். அங்கே யாராவது கவனிக்காவிட்டால் வென்ற பணம் அப்படியே போய்விடும். ஒருவனுக்குப் போயிற்று. அவன் அப்பாவை இப்போது கடைத்தெருவில் பார்த்தாலும் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.

பள்ளிக்கு ஒருங்கிணைந்த மானியம் வருகிறது. 31 முதல் 100 பிள்ளைகள் வரை இருந்தால் ஆண்டுக்கு 25,000 ரூபாய். அதில் பத்தில் ஒரு பங்கு சுகாதாரப் பணிக்கு. மீதியில் சாக்பீஸ், பதிவேடு, உடைந்த குழாய், சுற்றாத மின்விசிறி. ஆட்டோவுக்கும் தக்காளிச் சாதத்துக்கும் அதில் ஒரு தலைப்பும் இல்லை. எங்கள் தலைமை ஆசிரியை அப்போதே சொன்னார்: "குடுக்கறது உங்க இஷ்டம் சார். ஆனா பில் வாங்கி ஒட்டி வைங்க." கொடுத்ததைக் கணக்குப் பார்ப்பதா என்று எனக்குக் கொஞ்சம் ரோஷம். ஒட்டவில்லை.

ரோஷம் மட்டுமில்லை, உள்ளுக்குள் ஒரு பெருமையும் இருந்தது. ஒரு வருடம் நாலு பிள்ளைகள் தேறியபோது உள்ளூர் நிருபர் வந்து படம் எடுத்துப் போனார். 'சொந்தச் செலவில்' என்று தலைப்பு வந்தது. அந்தத் துண்டை இன்னும் பீரோவில் வைத்திருக்கிறேன். அடுத்த மாதக் கூட்டத்தில் ஓர் அதிகாரி அதைக் காட்டி, "அவர் செய்யறார், உங்களுக்கு என்ன?" என்று மற்றவர்களைக் கேட்டாராம். என் நண்பர் ஒருவர் இதைச் சொல்லிச் சிரித்தார். சிரிப்பில் கொஞ்சம் கசப்பு இருந்தது. அவருக்கு வீட்டில் டயாலிசிஸ் செலவு.

டீச்சரின் போனுக்குப் பிறகுதான் இதெல்லாம் ஒரு கோட்டில் வந்து நின்றது. நான் எழுதி வைக்காததால் ஆட்டோ ஒரு செலவாகவே யாருக்கும் தெரியவில்லை. காலையில் வாசலில் ஆட்டோ வந்து நிற்கும், அவ்வளவுதான். ஒன்பது வருடத்தில் அது ஊர் வழக்கமாகி, இப்போது 15,000 ரூபாய்க்காரர் தலையில் விழுந்திருக்கிறது.

புதுப் பள்ளியில் ஒரு நாற்பது பக்க நோட்டுப் போட்டேன். அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஜெராக்ஸ் 2,130, சாப்பாடு 1,980, பேனா, கருப்பு மை, மற்றது 410. ஜனவரியில் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எழுந்து வாசித்தேன். வாசிக்கும்போது காது சூடாகிவிட்டது. கொடுத்ததைச் சொல்லிக்காட்டுகிறான் என்று நினைப்பார்களோ என்று. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. குழுத் தலைவரான அம்மா மட்டும் நோட்டை வாங்கி ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்தார்.

"சோறு நாங்க ஆக்க மாட்டமா சார்? இதுக்குப் போயி ஓட்டல்ல வாங்கியிருக்கீங்க" என்றார். கோபமாகத்தான் சொன்னார்.

அடுத்த சனிக்கிழமை இரண்டு தூக்குவாளி வந்தது. புளிச்சாதம், இன்னொன்றில் கொள்ளுத் துவையலோடு ஏதோ. ஜெராக்ஸுக்கு ஒரு வழியும் பிறக்கவில்லை, அது இன்னும் என் பையிலிருந்துதான். பரீட்சை நாளுக்கு ஷேர் ஆட்டோ ஓட்டும் ஒரு பிள்ளையின் அப்பா வந்தார். இரண்டு நடை அடித்து எல்லாரையும் கொண்டுபோய் விடுவதாகவும், டீசல் மட்டும் போட்டுவிட வேண்டும் என்றும் சொன்னார். பெட்ரோல் பங்க்கில் 300 ரூபாய்க்குப் போட்டேன். பில் வேண்டுமா என்று கேட்ட பையனிடம் வேண்டும் என்றேன்.

டீச்சருக்கு அந்த நோட்டின் பக்கங்களைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன். இரண்டு நீல டிக் விழுந்தது. பதில் இன்னும் வரவில்லை.