கொள்ளு காயும் வளைவு

எங்கள் பக்கம் மாடு பருவத்துக்கு வந்தால் ‘மாடு கத்துது’ என்பார்கள். காலையில் கத்தினால் அன்று சாயங்காலம் ஊசி, சாயங்காலம் கத்தினால் மறுநாள் விடியற்காலை. பன்னிரண்டு மணி நேரம் பொறுத்துப் போட்டால்தான் சினை நிற்கும் என்பது எங்கள் தொழிலின் அரிச்சுவடி. ஆக, பனி மூடியிருக்கும் நேரமும் இருட்டிக்கொண்டு வரும் நேரமும்தான் நான் வண்டி ஓட்டும் நேரம். யானைக்கும் அதே டூட்டி டைம்தான்.

கிருஷ்ணகிரி மாவட்டம் தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி சுற்றுவட்டாரத்தில் மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிறேன். ஊரில் ‘மாட்டு டாக்டர்’ என்றே கூப்பிடுகிறார்கள். டாக்டர் இல்லை என்று திருத்தித் திருத்தி அலுத்துப்போய் விட்டுவிட்டேன். வண்டியின் இடது பக்கம் மூன்று லிட்டர் திரவ நைட்ரஜன் கேன் தொங்கும். உள்ளே மைனஸ் 196 டிகிரியில் விந்துக் குச்சிகள். பள்ளத்தில் விழுந்து எழும்போதெல்லாம் எனக்கு முதுகைவிட அந்தக் கேனைப் பற்றித்தான் கவலை.

விபத்து என்றாலே எல்லோரும் தொப்பூர் கணவாயைத்தான் சொல்கிறார்கள். சரிதான், லாரிகள் அங்கே இறங்கி வருவதைப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும். ஆனால் அது ஊரறிந்த ஆபத்து. பயத்தோடுதான் போவோம். நான் விழுந்தது எனக்கு மனப்பாடமான ஊர்ச் சாலையில். எந்தப் புளியமரத்துக்கு அப்புறம் எந்த வளைவு, எந்த வீட்டு நாய் துரத்தும் என்பதுவரை தெரியும். தெரியும் என்பதுதான் பிரச்சினை. கண்ணால் பார்த்து ஓட்டுவதை எப்போதோ நிறுத்தியிருந்தேன்.

போன மார்கழி. முந்தின நாள் சாயங்காலம் போன். காலை ஆறேகால் இருக்கும், நல்ல பனி. நாலு நாளாக அந்தப் பக்கம் போகவில்லை. புளியமரம் தாண்டி வலது பக்கம் திரும்பும் வளைவு, என் ஞாபகத்தில் சுத்தமான தார். திரும்பிய பிறகுதான் தெரிந்தது, சாலையின் பாதி அகலத்துக்கு அரையடி உயரம் கொள்ளுச் செடி. இந்தச் சீசனில் கொள்ளும் கேழ்வரகும் தாரில்தான் காயும். போகிற வண்டிகளே ஏறி மிதித்துக் கொடுத்துவிடும், அடிக்கிற கூலி மிச்சம்.

மேலே பனியில் நனைந்த கொடி, அடியில் உதிர்ந்த கொள்ளு. பால்ரஸ் குண்டுகளைத் தாரில் கொட்டியது மாதிரி. வண்டி சாய்ந்திருக்கும்போது முன் பிரேக்கைப் பிடித்தேன். நேர்ச் சாலையில் வண்டியை நிறுத்துவதே முன் பிரேக்தான், பழக்கதோஷம். சாய்ந்த வண்டியில், உருளும் தரையில், அதைப் பிடித்தால் முன் சக்கரம் வழுக்கிப் போகும். போனது. வேகத்தை வளைவுக்கு முன்னாலேயே குறைத்திருக்க வேண்டும். வளைவுக்குள் போன பிறகு பிரேக்குக்கு வேலையில்லை. இதை எத்தனை பையன்களுக்கு நானே சொல்லியிருக்கிறேன்!

வண்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஹெல்மெட் தாரில் உரசிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. கேன் உருண்டு, மூடி கழன்று, வெள்ளைப் புகை பொங்கித் தரையோடு தவழ்ந்தது. புளியமரத்தடியில் முறத்தோடு உட்கார்ந்திருந்த ஆயா, “ஐயோ, வண்டி பத்திக்கிச்சு!” என்று கத்திக்கொண்டே குடத்துத் தண்ணீரோடு ஓடி வந்தார். “ஆயா, அது நெருப்பு இல்ல, குளிரு!” என்று நான் படுத்தபடியே கத்தினேன். அவர் நம்பவில்லை. பாதித் தண்ணீர் என்மேல்தான் விழுந்தது. மார்கழி மாதத் தண்ணீர்.

முழங்கை தோல் உரிந்தது, முட்டி வீங்கியது, ஹேண்டில்பார் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது. அவ்வளவுதான். பஸ் வரவில்லை என்பதால் அவ்வளவுதான். வலது வளைவில் கோட்டை ஒட்டிச் சாய்ந்து போகிறவனின் தலை எதிர்ப்பக்கம்தான் நீட்டிக்கொண்டிருக்கும். வளைவில் பஸ்ஸுக்கோ முழுச் சாலையும் வேண்டும், பின் சக்கரம் உள்பக்கம் வெட்டிக்கொண்டுதான் வரும். டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே திரும்புவது அதனால்தான். காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு வரும் தம்பிகளுக்கு அந்த ஹாரன் எப்படிக் கேட்கும்?

“ரோட்டுல இப்படிப் போட்டா எப்படி ஆயா?” என்று கேட்டேன். “களத்துல ஜல்லி கொட்டி வெச்சிருக்காங்க சாமி, ஆறு மாசமா வீடு கட்டறாங்க. எங்க போய்க் காய வைப்பேன்?” என்றார். யாருடைய ஜல்லி என்றும் சொன்னார், அது இங்கே வேண்டாம். கொள்ளைச் சாலையில் போட்டது தப்புதான். ஆனால் அந்தக் கேள்விக்கு என்னிடமும் பதில் இல்லை.

கொள்ளாவது தைக்கு அப்புறம் போய்விடும். லாரிக்காரர்கள் வைக்கும் கல் போவதில்லை. பழுதாகி நின்ற லாரியைச் சுற்றி அடையாளத்துக்குக் கல்லை வைப்பார்கள். வேலை முடிந்ததும் லாரி கிளம்பிவிடும், கல் நடுரோட்டிலேயே கிடக்கும். கண்ணில் பட்டால் இறங்கி ஓரமாகப் போட்டுவிட்டுப் போவேன். இன்னொன்று, தார்மேல் தார் போட்டு ஓரத்தில் அரையடிப் படி உண்டாகிவிடுகிறது. லாரிக்கு ஒதுங்கி மண்ணில் இறங்கிய டூவீலரை, ஓடுகிற வேகத்திலேயே திரும்பத் தாரில் ஏற்றப் பார்த்தால் கவிழ்த்துவிடும்.

அஞ்செட்டி மலைப்பாதையில் பெட்ரோல் மிச்சம் பிடிக்க இன்ஜினை அணைத்துவிட்டு இறங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும். ஏறும்போது எந்த கியரோ, அதே கியரில்தான் இறங்கவும் வேண்டும். இன்ஜின் பிடிக்காத வண்டியை பிரேக் ஒன்றே தாங்க வேண்டும். சூடேறிச் சூடேறி, தேவைப்படும் நேரத்தில் அது பிடிக்காது. மிச்சமாவது பத்து ரூபாயா, இருபது ரூபாயா?

யானை பற்றி ஒரு வார்த்தை. கேழ்வரகு அறுப்புக் காலத்தில் கர்நாடகத்து பன்னேர்கட்டா காட்டுப் பக்கமிருந்து கூட்டம் கூட்டமாக இங்கே வந்துவிடும். வளைவில் புதுச் சாணம் ஆவி பறக்கக் கிடந்தால் நான் வண்டியைத் திருப்பிவிடுவேன். மாடு இன்னொரு முறை, இருபத்தொரு நாள் கழித்துக் கத்தும்.

விபத்தில் அடிபட்டவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாகத் தரும் ‘நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பரில் வந்தது. நல்ல திட்டம். ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தால்தானே? நான் போகும் வழியில் பாதித் தூரம் சிக்னல் கிடையாது, 108-க்குக்கூடப் போன் போகாது. அதனால் எந்த ஊர், எந்த வழி, எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுத்தான் கிளம்புகிறேன். முன்பெல்லாம் ‘வரேன்’ மட்டும்தான்.

நேற்று அதே வழியாகப் போனேன். இந்த வருஷமும் கொள்ளு அதே வளைவில்தான் காய்கிறது. ஆனால் வளைவுக்கு நாற்பது அடி முன்னால், சாலை ஓரத்தில், நாலு கொப்பு எருக்கு நட்டுவைத்திருந்தது. முதலில் வேப்பங்கொப்புதான் வைத்தாராம் ஆயா. மூன்று நாளும் ஆடு தின்றுவிட்டுப் போனதாம்.

“எருக்கை எந்த ஆடு தொடும் சாமி?” என்றார்.