அமெரிக்கக் கல்லூரியில் முதல் வருஷம் எங்கே தங்குவது?

சீட் உறுதியான கையோடு வரும் அடுத்த படிவம் ஹவுசிங். தனி ரூமா, இரண்டு பேர் ரூமா, சூட்டா (சிலர் மட்டும் பகிரும் அறைத்தொகுதி), வீட்டிலிருந்தே போய்வருவதா என்பதைப் பல குடும்பங்கள் படத்தையும் விலையையும் பார்த்து ஒரே ராத்திரியில் முடிவு செய்துவிடுகின்றன. பிள்ளை இரண்டாம் வருஷமும் அதே கல்லூரியில் இருப்பதற்கும் இந்தத் தேர்வுக்கும் தொடர்பு உண்டு. ஆனால் அந்தத் தொடர்பு கல்லூரி விளம்பரத்தில் சொல்கிற மாதிரி இல்லை.

ரிட்டென்ஷன் ரேட் என்று கல்லூரிகள் போடும் எண் எளிமையானது. முதன்முதலாக முழுநேரம் படிக்க ஒரு ஃபால் (இலையுதிர்காலப்) பருவத்தில் சேர்ந்தவர்களில் எத்தனை சதவீதம் பேர் அடுத்த ஃபாலிலும் அங்கேயே படிக்கிறார்கள் என்பதுதான் அது. வேறு நல்ல கல்லூரிக்கு மாறிப் போனவரும் இந்தக் கணக்கில் விட்டுப் போனவரே.

டார்மில், அதாவது கல்லூரி வளாக விடுதியில், தங்குபவர்கள் அதிகம் நிலைக்கிறார்கள் என்பது உண்மை. அதில் ஒரு பகுதி டார்மால் வந்ததே அல்ல. டார்ம் செலவைத் தாங்கக்கூடிய, வேலைக்குப் போகத் தேவையில்லாத பிள்ளைகள்தான் அங்கே அதிகம் தங்குகிறார்கள். அவர்கள் எங்கே தங்கியிருந்தாலும் தொடர்ந்திருக்க வாய்ப்பு கூடுதல். இந்த வேறுபாடுகளைச் சரிக்கட்டி ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2011இல் வெளிவந்தது. வளாகத்தில் தங்கியவர்கள் இரண்டாம் வருஷம் தொடரும் வாய்ப்பு 3.3 சதவீதப் புள்ளி கூடுதல் என்று அது கண்டது. நூறு பேருக்கு மூன்று பேர். ஒதுக்கித் தள்ளக்கூடிய அளவல்ல. அதே சமயம், இதற்காகக் கழுத்தளவு கடன் வாங்கவும் கூடாது.

அந்த மூன்று பேரை எது தொடர வைக்கிறது? அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் வின்சென்ட் டின்டோ 1975இல் சொன்னது இன்றும் பொருந்துகிறது: படிப்போடும் சகமாணவர்களோடும் ஒட்டாதவர்களே விலகிப் போகிறார்கள். அறை வகை இங்கேதான் முக்கியமாகிறது. பழைய பாணி டார்மில் நீளமான நடைபாதை, இரு பக்கமும் இரண்டு பேர் அறைகள், கோடியில் பொதுக் குளியலறை. பிரஷ்ஷைக் கையில் எடுத்துக்கொண்டு காலையில் போய்வருவதற்குள் நாலைந்து முகங்களைப் பார்த்தே ஆகவேண்டும். யாரும் கூப்பிடாமலேயே இரண்டு வாரத்தில் பெயர்கள் தெரிந்துவிடும். சூட்டில் குளியலறை உள்ளேயே இருக்கும்; கதவைச் சாத்தினால் அந்த நாலு பேர்தான் உலகம். அவர்களோடு ஒத்துப்போனால் சொர்க்கம். இல்லாவிட்டால் அடுத்த ஆளைத் தேடிப் போக ஒரு காரணமே கிடைக்காது. கூச்ச சுபாவமுள்ள பிள்ளைக்குத் தனி ரூம் நல்லது என்று பெற்றோர் நினைப்பதுண்டு. மருத்துவக் காரணம் இருந்தால் சரி. மற்றபடி தானாகப் போய்ப் பேசத் தயங்குபவருக்குத்தான் அந்த நடைபாதை அதிகம் தேவை. முதல் வருஷத்துக்கு என் பரிந்துரை அதுவே.

இடநெருக்கடியில் இரண்டு பேர் அறையில் மூன்றாவது கட்டிலைப் போடுவார்கள். மூன்று பேரில் இருவர் சேர்ந்துகொள்ள ஒருவர் தனித்துப்போவது அடிக்கடி நடக்கும். அப்படி ஒதுக்கினால் கட்டணக் குறைப்பு உண்டா, இடம் காலியானதும் யாரை முதலில் மாற்றுவார்கள் என்று உடனே கேளுங்கள்.

ஒரே துறை மாணவர்களை ஒரே தளத்தில் வைக்கும் லிவிங் லேர்னிங் கம்யூனிட்டி கிடைத்தால் ஒரு கேள்வி போதும்: அந்தத் தளத்தினர் ஏதாவது ஒரு வகுப்பை ஒரே செக்‌ஷனில் சேர்ந்து படிக்கிறார்களா? ஆம் என்றால் எடுங்கள். இல்லை என்றால் அது வாசலில் ஒட்டிய பெயர்ப்பலகை மட்டுமே.

ரூம்மேட் பொருத்தத்துக்கான கேள்வித்தாளைப் பிள்ளையே நிரப்பட்டும். அம்மா உட்கார்ந்து "பத்து மணிக்குத் தூங்குவான், ரூமைச் சுத்தமாக வைப்பான்" என்று எழுதினால், நிஜமாகவே பத்து மணிக்குத் தூங்குகிற ஒருவனை அவனோடு போடுவார்கள். சண்டைக்கு அதுவே வித்து. முதல் வாரங்களில் ஆர்.ஏ. (டார்ம் தளத்தைக் கவனித்துக்கொள்ளும் மூத்த மாணவர்) ஒரு ரூம்மேட் ஒப்பந்தம் எழுதச் சொல்வார். விளக்கை எப்போது அணைப்பது, விருந்தினர் எத்தனை மணி வரை இருக்கலாம், அலாரம் எத்தனை தடவை அடிக்கலாம் என்கிற அளவுக்கு நுணுக்கமாக எழுதினால்தான் அது பிறகு உதவும். பல கல்லூரிகளில் முதல் சில வாரங்களுக்கு அறை மாற்றம் கிடையாது. அதற்குப் பின் திறக்கும் தேதியைக் குறித்து வையுங்கள்.

முதல் ஆறு வாரம் வார இறுதிகளில் வீட்டுக்குக் கூப்பிடாதீர்கள். நட்புகள் உருவாவது சனி, ஞாயிறுகளில்தான்.

இனி பணம். ஹவுசிங் ஒப்பந்தம் பெரும்பாலும் முழுக் கல்வியாண்டுக்கானது. பாதியில் விலகினால் ரத்துக் கட்டணம் வரும். பாக்கி நின்றுவிட்டால் கணக்கில் ஹோல்டு விழும், அடுத்த பருவத்துக்கு வகுப்பு பதிய முடியாது. நன்றாகப் படிக்கும் பிள்ளைகூட இதனால் நின்றுபோக நேரும். உதவித்தொகைக்கான செலவு மதிப்பீடு வளாகம், வெளி வாடகை, பெற்றோர் வீடு என ஒவ்வொன்றுக்கும் வேறு. 2024-25 முதல் ஃபாஃப்சா என்ற அரசு உதவித்தொகை விண்ணப்பப் படிவத்தில் தங்குமிடக் கேள்வி இல்லை. எந்த மதிப்பீட்டைப் போட்டிருக்கிறார்கள் என்று கல்லூரியின் போர்ட்டலில் பார்த்து, தப்பாக இருந்தால் நிதியுதவி அலுவலகத்திடம் திருத்தச் சொல்லுங்கள்.

செலவு கட்டுப்படியாகாமல் வீட்டிலிருந்து போய்வந்தால் அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் பெட்ரோலை மிச்சப்படுத்த எல்லா வகுப்பையும் இரண்டே நாளில் அடுக்குவது பெரிய தப்பு. வாரத்தில் நாலு நாள் போகிற மாதிரி போடுங்கள். இரண்டு வகுப்புகளுக்கு நடுவே ஓரிரு மணி நேரம் இடைவெளி இருக்கட்டும். அந்த நேரத்தைக் காரில் கழிக்காமல் நூலகத்திலோ பேராசிரியரின் ஆஃபீஸ் ஹவர்ஸிலோ கழிக்கட்டும். பகுதிநேர வேலை அவசியமென்றால் வளாகத்துக்குள்ளேயே தேடுவது மேல்.

பல ஊர்களில் அடுத்த வருஷ வாடகை வீடுகளுக்கான ஓட்டம் அக்டோபர், நவம்பரிலேயே தொடங்கிவிடும். அந்தச் சமயத்தில் பிள்ளையிடம் மார்க்கோடு சேர்த்து இதையும் கேளுங்கள்: அடுத்த வருஷம் யாரோடு தங்கப்போகிறாய்? இரண்டு பெயர் வந்தால் நல்லது. "தெரியலை, பார்க்கலாம்" என்று வந்தால், அந்த வாரமே ஆர்.ஏ.வையும் அட்வைஸரையும் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தபின் இந்தப் பேச்சை எடுத்தால், பெட்டியை முழுசாகக் கட்டிக்கொண்டே வந்திருக்கக்கூடும்.