சம்பலில் படகு இறங்கிய காலை

ஈசிஆரில் வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குப் போனவர்கள் அந்த நீள மூக்கு முதலையைப் பார்த்திருப்பீர்கள். பெயர் கரியால். தொட்டியில் அசையாமல் கிடக்கும். ஒரு போட்டோ எடுத்துவிட்டு நகர்ந்துவிடுவோம். அதை ஆற்றில் பார்க்கவேண்டும் என்பது மாமாவின் நெடுநாள் ஆசை. ரிடையர் ஆன கையோடு என்னையும் இழுத்துக்கொண்டு சென்ட்ரலில் ரயிலேறிவிட்டார்.

குவாலியரில் இறங்கி மொரேனா தாண்டினால் சம்பல் ஆற்றுப் பாலம். ஓசூர், சேலம், மதுரை என்று கன்னியாகுமரி வரை வருகிற அதே 44ஆம் எண் நெடுஞ்சாலைதான் இதன் மேலும் போகிறது. பாலத்தில் லாரிச் சத்தம், கீழே தேசிய சம்பல் சரணாலயம்.

முட்டுக்காடு மாதிரி மேடையிலிருந்து ஏறி உட்காருகிற கதை இங்கே கிடையாது. மழைக்காலம் முடிந்து தண்ணீர் உள்வாங்கியிருந்ததால் படகின் மூக்கு மணலில் புதைந்து நின்றது. மோட்டாரைத் தூக்கிக் கட்டியிருந்தார்கள். படகோட்டி இந்தியில் ஏதோ கத்தினார். "பின்னாடி வா மாப்ளே, எல்லாரும் பின்னாடி போனாத்தான் முன்பக்கம் தூக்குமாம்" என்றார் மாமா. லைஃப் ஜாக்கெட்டோடு இடித்துப் பிடித்து நகர்ந்தோம். மூக்கு மெல்ல எழும்பியது. ஒருவர் தோள் கொடுத்துத் தள்ள, இன்னொருவர் மூங்கில் கழியை ஊன்றினார். அடிமரம் மணலில் கரகரவென்று உரசி, சட்டென்று சத்தம் நின்றது. படகு மிதக்கிறது! முழங்கால் ஆழம் தாண்டிய பிறகுதான் மோட்டாரை இறக்கினார்கள். எனக்கு அந்தச் சவாரியிலேயே பிடித்தது இதுதான், மாமா ஒத்துக்கொள்ளமாட்டார்.

கொஞ்ச தூரத்தில் மோட்டாரை நிறுத்திவிட்டு நீரோட்டத்தில் விட்டார்கள். மணல்திட்டில் கரியால்கள் வெயில் காய்ந்துகொண்டிருந்தன. ஆணுக்கு மூக்கு நுனியில் பானை கவிழ்த்த மாதிரி ஒரு புடைப்பு. மீன்தான் சாப்பாடு, ஆளைத் தொடாது. ஆனால் பக்கத்துத் திட்டிலேயே சதுப்பு முதலை வாயைப் பிளந்து கிடந்தது. நான் கையை உள்ளே இழுத்துக்கொண்டேன். வரித்தலை வாத்துகள் கூட்டமாக எழுந்தன. டால்பின் உண்டு என்றார்கள், எங்களுக்குக் கொடுத்துவைக்கவில்லை.

1970களில் ஆறுகளில் இருந்த கரியால்கள் இருநூறுக்கும் குறைவு. ஆற்றங்கரையில் இட்ட முட்டைகளை எடுத்துப் பொரிக்கவைத்து, குட்டிகளை வளர்த்து ஆற்றில் விட்டுத்தான் மீட்டார்கள். மொரேனா பக்கம் தேவரியில் அந்த வளர்ப்பு மையத்தையும் பார்க்கலாம். மார்ச், ஏப்ரலில் மணலைத் தோண்டித்தான் முட்டையிடும். அந்த மணலையே திருட்டுத்தனமாக அள்ளிப் போகிறவர்கள் இங்கேயும் உண்டு. பாலாற்றைப் பார்த்த நமக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

புலி சஃபாரி பரபரப்பை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றமாக இருக்கும். போவதென்றால் குளிர்காலத்தில் போங்கள். விடியற்காலையிலேயே ஓடவேண்டாம், பனிமூட்டத்தில் எதிர்க்கரையே தெரியாது, வெயில் ஏறினால்தான் கரியாலும் கரைக்கு வரும்.