பொலோனியாவிலிருந்து ஒரு பகல்

என் கையிலிருந்த டிக்கெட்டை உரிமையோடு வாங்கி, பிளாட்பாரத்து இயந்திரத்தில் நுழைத்துத் திருப்பிக் கொடுத்தார் அந்த இத்தாலியப் பாட்டி.

டக்கென்று ஒரு சத்தம். ஓரத்தில் மங்கலான மையில் இன்றைய தேதியும் நேரமும்.

உள்ளூர் ரயிலின் காகித டிக்கெட்டில் அந்த முத்திரை இல்லாவிட்டால் அபராதம். பாட்டியை அப்படியே கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

இத்தாலி என்றதும் எல்லோரும் வாடகைக் கார் பற்றித்தான் கேட்கிறார்கள். வேண்டவே வேண்டாம். பல பழைய நகரங்களின் மையத்தில் வெளியார் காருக்குத் தடை. கேமரா பிடித்துவிடும், அபராதம் அப்புறம் வீடு தேடி வரும்.

பொலோனியாவில் அறை எடுத்துவிட்டால் போதும். மொடேனா, ஃபெராரா இரண்டும் அரை மணி நேரம்தான். அதிவேக ரயிலில் ஃபுளோரன்ஸ் சுமார் 40 நிமிடம். இதற்கு மட்டும் முன்கூட்டியே டிக்கெட் எடுங்கள், நாள் நெருங்க நெருங்க விலை ஏறும். உள்ளூர் ரயிலுக்குக் கடைசி நிமிடத்திலும் அதே விலை.

இன்று நாங்கள் போனது ராவென்னா. ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல், அப்புறம் நடைதான்.

ரோமப் பேரரசி காலா பிளாசிடியா பெயரிலுள்ள நினைவு மண்டபம் வெளியே வெறும் செங்கல். உள்ளே 5ஆம் நூற்றாண்டு மொசைக், வண்ணச் சில்லுகளைப் பதித்துச் செய்த ஓவியங்கள். கருநீல விதானம் முழுக்கத் தங்க நட்சத்திரங்கள்.

அம்மா அண்ணாந்தபடியே நின்றார். கூப்பிட மனம் வரவில்லை.