பாஸ்வேர்டு மாற்றிய பிறகு அக்கவுன்ட் லாக் ஆகிக்கொண்டே இருந்தால்

"சார், நேத்து நல்லாத்தான் லாகின் ஆச்சு, இன்னைக்கு அக்கவுன்ட் லாக்டுன்னு வருது. நான் சரியாத்தான் அடிக்கிறேன்." அலுவலக நெட்வொர்க்கில் சப்போர்ட் வேலை பார்க்கும் எல்லோருக்கும் இந்த வசனம் மனப்பாடம். பல இடங்களில் இதற்கு வைத்தியம் ஒன்றுதான்: அன்லாக் செய்துவிட்டு "இப்ப பாருங்க மேடம்" என்று போனை வைத்துவிடுவது. சிறிது நேரத்தில் மறுபடி லாக் ஆகும், மறுபடி போன் வரும், அப்போது பாஸ்வேர்டையே புதிதாக ரீசெட் செய்து கொடுப்பார்கள், அதற்குப் பிறகு நிலைமை இன்னும் மோசமாகும். அந்த மேடம் சொல்வது பெரும்பாலும் உண்மை. அவர் சரியாகத்தான் அடிக்கிறார். அவர் பெயரில் வேறெங்கோ ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கருவிதான் பழைய பாஸ்வேர்டை அனுப்பி அனுப்பி அக்கவுன்ட்டைப் பூட்டுகிறது. அதைக் கண்டுபிடிக்காமல் எத்தனை முறை அன்லாக் செய்தாலும் பயனில்லை.

விண்டோஸ் டொமைன் (அலுவலகக் கம்ப்யூட்டர்களையும் அக்கவுன்ட்களையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் நெட்வொர்க்) என்றால் கண்டுபிடிப்பது அவ்வளவு கஷ்டமும் இல்லை. டொமைன் கன்ட்ரோலர்களில் (பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் சர்வர்கள்) பிடிசி எமுலேட்டர் பொறுப்பில், அதாவது லாக் ஆகும் தகவல்கள் வந்து சேரும் பொறுப்பில், எது இருக்கிறதோ அதன் செக்யூரிட்டி பதிவேட்டைத் (log) திறந்து 4740 என்ற எண்ணுள்ள ஈவென்ட்டைத் தேடுங்கள். எந்த அக்கவுன்ட், எத்தனை மணிக்கு லாக் ஆனது, எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து வந்தது, மூன்றும் அதில் இருக்கும். கம்ப்யூட்டர் பெயர் காலியாக இருந்தால், பாஸ்வேர்டு சரிபார்ப்பைப் பதிவு செய்யும் 4771, 4776 ஈவென்ட்களைப் பார்க்கலாம். கெர்பரோஸ் (டொமைனில் பயனரைச் சரிபார்க்கும் ஒரு முறை) வழியாக வந்திருந்தால் 4771இல் ஐபி முகவரியே கிடைக்கும்.

இங்கே பலரும் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. விண்டோஸ் சர்வர் 2003இலிருந்தே, வரும் தவறான பாஸ்வேர்டு அந்தப் பயனரின் கடைசி இரண்டு பழைய பாஸ்வேர்டுகளில் ஒன்றாக இருந்தால், டொமைன் கன்ட்ரோலர் அதை நிராகரிக்குமே தவிர தவறான முயற்சிக் கணக்கில் சேர்க்காது; அந்தக் கணக்கு எல்லையைத் தொட்டால்தான் அக்கவுன்ட் லாக் ஆகும். மறதியில் பழையதை அடிப்பவர்களுக்காகவும், போனில் சேமித்து வைத்ததை மாற்றாதவர்களுக்காகவும் யோசித்து வைத்த ஏற்பாடு இது. ஆனால் அவசரப்பட்டு ஒரே நாளில் இரண்டு மூன்று முறை ரீசெட் செய்தால், போனில் இருக்கும் பழைய பாஸ்வேர்டு அந்தக் கடைசி இரண்டு என்ற எல்லைக்கு வெளியே போய்விடும். அதுவரை சாதுவாக இருந்த போன் அதற்குப் பிறகுதான் அக்கவுன்ட்டைப் பூட்ட ஆரம்பிக்கும். ரீசெட் செய்யச் செய்ய மோசமாவதற்கு இதுதான் காரணம், அதனால்தான் ரீசெட்டைக் கடைசி ஆயுதமாக வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

அக்கவுன்ட்ஸ் பிரிவில் ஒரு அக்காவின் அக்கவுன்ட் இப்படித்தான் பாடாய்ப் படுத்தியது. 4740இல் மெயில் சர்வரின் பெயர் வந்தது, அப்படியென்றால் ஏதோ ஒரு மெயில் ஆப். அவருடைய போனை வாங்கிப் பார்த்தால் புதிய பாஸ்வேர்டு சரியாகப் போட்டிருக்கிறது, மெயிலும் வருகிறது. லாக் ஆன நேரங்களை வரிசையாக எழுதிப் பார்த்தபோது எல்லாமே மாலை நாலரைக்குப் பிறகு. மெயில் சர்வரில் அவர் பெயருக்குக் கீழே இருந்த கருவிகளின் பட்டியலைத் திறந்தால் இரண்டு போன்கள். "அந்த இன்னொரு போன் எதுக்கா?" என்று கேட்டதும், "அது பழசு தம்பி, பையன் கேம் விளையாடக் குடுத்துட்டேன்" என்றார். பையன் ஸ்கூல் விட்டு வந்து போனை ஆன் செய்ததும் அது வீட்டு வைஃபையைப் பிடித்து, என்றோ சேமித்த பாஸ்வேர்டோடு மெயில் சர்வரின் கதவைத் தட்டத் தொடங்கியிருக்கிறது. பட்டியலிலிருந்து அதை நீக்கி, அன்று இரவே போனிலும் அலுவலக மெயிலை அழிக்கச் சொன்னோம். அதோடு பிரச்சினை தீர்ந்தது.

போன் இல்லையென்றால் அடுத்து பார்க்க வேண்டியது 4740 காட்டும் அந்தக் கம்ப்யூட்டரை. கன்ட்ரோல் பேனலில் கிரெடென்ஷியல் மேனேஜர் என்று ஒன்று இருக்கிறது, ஷேர்டு ஃபோல்டருக்கோ பிரிண்டருக்கோ எப்போதோ "நினைவில் வை" என்று டிக் செய்தது எல்லாம் அங்கேதான் கிடக்கும். பழையதை அழித்துவிடுங்கள். அப்புறம் ரிமோட் டெஸ்க்டாப்பில் சைன் அவுட் செய்யாமல் ஜன்னலை மட்டும் மூடிவிட்டுப் போனவர்களின் செஷன், சர்வரில் பழைய பாஸ்வேர்டோடு இன்னும் உயிரோடுதான் இருக்கும். இரவில் டாலி டேட்டாவை பேக்கப் எடுக்கும் டாஸ்க்கை யாரோ ஒருவருடைய சொந்த அக்கவுன்ட்டில் ஓட விட்டிருப்பார்கள், அவர் பாஸ்வேர்டை மாற்றிய அன்றிலிருந்து பேக்கப்பும் நின்றிருக்கும். லாக் ஆவதைவிட இதுதான் எனக்குப் பெரிய கவலை. இதற்கென்று தனி சர்வீஸ் அக்கவுன்ட் (ஆளுக்கு இல்லாமல் இப்படிப்பட்ட வேலைக்கு மட்டுமான அக்கவுன்ட்) போடுங்கள்.

வீட்டிலிருந்து வேலை செய்பவர்களின் லேப்டாப் கதை வேறு. வெப் போர்ட்டலில் பாஸ்வேர்டை மாற்றியிருப்பார்கள், லேப்டாப்போ டொமைனைப் பார்க்க முடியாததால் தான் சேமித்து வைத்திருக்கும் பழையதையே கேட்கும். பழைய பாஸ்வேர்டில் உள்ளே போய், புதிய பாஸ்வேர்டில் விபிஎன் (வெளியிலிருந்து அலுவலக நெட்வொர்க்குக்குப் போகும் பாதுகாப்பான இணைப்பு) இணைத்து, விபிஎன் ஓடும்போதே ஸ்கிரீனை லாக் செய்து, புதிய பாஸ்வேர்டைப் போட்டுத் திறக்கச் சொல்லுங்கள். சரியாகிவிடும்.

தமிழில் டைப் செய்யும் அலுவலகங்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு. லாகின் திரையின் வலது கீழ் மூலையில் தமிழ்99 கீபோர்டு தேர்வாகி இருந்தால், அடிப்பதெல்லாம் தமிழ் எழுத்தாகப் போகும், திரையில் கரும்புள்ளிகள்தான் தெரியும் என்பதால் யாருக்கும் புரியாது. முதலில் அங்கே ஒரு கண் வையுங்கள்.

இவ்வளவு அவதியும் எதற்கு என்று நிர்வாகத்திடம் கேட்க வேண்டிய நேரமும் வந்துவிட்டது. ஆக்டிவ் டைரக்டரியின் (விண்டோஸ் டொமைனின் அக்கவுன்ட்களை வைத்திருக்கும் சேவை) இயல்பான அமைப்பு 42 நாளுக்கு ஒரு முறை பாஸ்வேர்டை மாற்றச் சொல்கிறது. அமெரிக்காவில் தரநிலைகளை வகுக்கும் நிஸ்ட் அமைப்பு 2017லேயே காரணமில்லாமல் குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்ல வேண்டாம் என்று எழுதிவிட்டது, மைக்ரோசாஃப்ட்டும் 2019இல் தன் பாதுகாப்புப் பரிந்துரைகளிலிருந்து அந்தக் காலக்கெடுவை எடுத்துவிட்டது. அடிக்கடி மாற்றச் சொன்னால் மக்கள் கடைசியில் இருக்கும் 7ஐ 8 ஆக்குவார்கள், அல்லது மானிட்டரில் எழுதி ஒட்டுவார்கள். நீளமான பாஸ்வேர்டு, கூடவே போனுக்கு வரும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு, கசிந்தது என்று தெரிந்தால் உடனே மாற்றம். எங்கள் அலுவலகத்தில் இதைத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன், அடுத்த மாதம் கூட்டத்தில் எடுக்கிறார்கள்.