சுடாத மண் கல்: குழியிலிருந்து சுவர் வரை

மண் கல் போட்டு வீடு கட்டலாம் என்றதும் முதலில் வரும் கேள்வி, ஈரமண்ணை அழுத்திக் கல்லாக்கும் பிரஸ்களில் எதை வாங்குவது என்பதுதான். 1950களில் கொலம்பியாவில் ரவுல் ராமிரெஸ் உருவாக்கிய ‘சின்வா ராம்’ தொடங்கி எத்தனையோ வகை பிரஸ்கள் வந்துவிட்டன. எல்லாமே வேலை செய்யும். கல் உடைந்தபோதெல்லாம் காரணத்தைத் தேடிப் போனால் அது மண்ணிலோ தண்ணீரிலோ கொண்டுபோய் விட்டது. பிரஸ் பழுதென்று கண்டது மிகக் குறைவு.

மேல்மண் கல்லுக்கு ஆகாது. வேரும் மக்கும் கலந்த அந்த அடுக்கைச் சுரண்டித் தனியாகக் குவித்து வைத்தால் செடிகளுக்கு உதவும். அதற்குக் கீழே தோண்டிய மண்ணை ஈரமாக்கி முகர்ந்து பார்க்க வேண்டும். மக்கல் வாடை அடித்தால் இன்னும் ஆழமாகப் போக வேண்டும், ஏனென்றால் அந்த மக்குதான் மண்ணோடு சேர்க்கும் சிமென்ட்டை இறுகவிடாமல் தடுக்கும்.

சிமென்ட் சேர்த்துப் போடும் கல்லுக்கு ஏற்ற மண்ணில் பொடிக்கல் 15, மணல் 50, வண்டல் 15, களி 20 சதவீதம் என்ற அளவை ஒட்டி இருக்கும். நேரான சுவருள்ள கண்ணாடிப் பாட்டிலில் கால் பங்கு மண், மீதிக்குத் தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு போட்டு நன்றாகக் குலுக்கி வைத்தால், ஒரு நிமிடத்துக்குள் மணல் படியும், முக்கால் மணி நேரத்தில் வண்டல், மறுநாள் களி. ஆனால் தண்ணீரில் களி ஊதிக்கொண்டு அதிகமாகத் தெரியும். அதனால் பாட்டிலை மட்டும் நம்பி முடிவெடுப்பதில்லை.

நாங்கள் நம்புவது, காயும்போது மண் எவ்வளவு சுருங்குகிறது என்று காட்டும் சுருக்கப் பெட்டியை. 60 செ.மீ. நீளம், 4 செ.மீ. அகலம், 4 செ.மீ. ஆழமுள்ள மரப்பெட்டி, உள்ளே எண்ணெய் தடவியது. குழைத்த மண்ணை இடைவெளியில்லாமல் நிரப்பி, வெயிலில் மூன்று நாளோ நிழலில் ஒரு வாரமோ காயவைக்கிறோம். பிறகு மண்ணை ஒரு முனைக்குத் தள்ளி, மறுமுனையில் விழும் இடைவெளியை அளக்கிறோம். 15 மி.மீ.க்குள் இருந்தால் 5 முதல் 6 சதவீத சிமென்ட் போதும். 45 மி.மீ.யைத் தாண்டினால் சிமென்ட்டைக் கூட்டுவதை விட மணலைக் கலந்து மறுபடி பெட்டி வைத்துப் பார்ப்பது மேல். களி மிகுந்த மண்ணுக்குச் சுண்ணாம்பே பொருத்தம், அது களியோடு சேர்ந்து மெல்ல இறுகும். சிமென்ட்டை 10 சதவீதத்துக்கு ஏற்றியும் மண்ணை லாரியில் வெகுதூரத்திலிருந்து கொண்டுவந்தும் கட்டிவிட்டு, சூளை வைக்காததால் இது பசுமைக் கட்டுமானம் என்று சொல்லிக்கொள்வதில் நியாயமில்லை.

இனி கலவை. 24 × 24 × 9 செ.மீ. கல் ஒன்றின் கன அளவு 5 லிட்டருக்குச் சற்று மேல். 95 கிலோ உலர்ந்த மண்ணும் 5 கிலோ சிமென்ட்டும் ஒரு தடவைக்குக் கலந்தால் ஏறக்குறைய 10 கல் வரும், அதாவது 50 கிலோ சிமென்ட் மூட்டை ஒன்றுக்கு 100 கல். மண்ணை 8 அல்லது 10 மி.மீ. சல்லடையில் சலித்தாக வேண்டும். சலிக்காமல் விட்ட களிக்கட்டி கல்லுக்குள் அப்படியே உட்கார்ந்து, முதல் மழையில் ஊறி, அந்த இடத்தை மட்டும் பெயர்த்துக்கொண்டு விழும். மண்ணையும் சிமென்ட்டையும் உலர்ந்தபடியே நிறம் ஒன்றாகும் வரை புரட்டிய பிறகுதான் தண்ணீர், அதையும் பூவாளியால் தெளிக்க வேண்டும். வாளியோடு ஊற்றினால் மண் உருண்டை கட்டிக்கொள்ளும், சிமென்ட் அதற்குள் போகாது.

தண்ணீர் போதுமா என்பதைக் கைதான் சொல்லும். கலவையை ஒரு பிடி எடுத்து இறுக்கி உருட்டி, நெஞ்சு உயரத்திலிருந்து கெட்டியான தரையில் விட வேண்டும். நாலைந்து துண்டாக உடைந்தால் பதம் சரி. பொலபொலவென்று சிதறினால் தண்ணீர் போதாது. தட்டையாகி ஒரே கட்டியாகக் கிடந்தால் மிஞ்சிவிட்டது. மிஞ்சிய கலவை பிரஸ்ஸில் தட்டோடு ஒட்டும், வெளியே வந்த கல் பிதுங்கும். குறைந்தால் கல் அப்போதைக்கு அழகாக இருந்து, காய்ந்ததும் முனை உதிரும். வெயில் ஏற ஏறக் குவியல் காய்ந்துகொண்டே இருப்பதால் காலையில் பார்த்த பதம் மதியத்துக்கு உதவாது, ஒவ்வொரு கலவைக்கும் உருண்டை போட்டுப் பார்க்க வேண்டும். தண்ணீர் பட்ட சிமென்ட் கலவையை அரை மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். மிஞ்சியதை மறுபடி தண்ணீர் விட்டுக் குழைத்தால் கல்லாக வரும், வலு இருக்காது. சுண்ணாம்புக் கலவைக்கு இந்த அவசரம் இல்லை. சில மணி நேரம் மூடி வைத்தால் களிக்கட்டிகள் தளர்ந்து இன்னும் நன்றாகக் கலக்கும்.

கையால் இயக்கும் பிரஸ்ஸில் மூடிக்கும் அடித்தட்டுக்கும் இடையே நிற்கும் தூரம் மாறாது. அதனால் எவ்வளவு மண் போடுகிறோமோ அதுவே அடர்த்தி. கண்ணளவில் அள்ளிப் போடாமல் எடை போட்டுப் போடுகிறோம். மேலே சொன்ன அளவுக் கல் ஈரத்தோடு 10 முதல் 10.5 கிலோ இருக்க வேண்டும். நாலு மூலையிலும் விரலால் அழுத்தி நிரப்பிய பிறகே மூடியைப் போட வேண்டும், இல்லாவிட்டால் மூலைகள் பொக்காகவே நிற்கும். நெம்புகோல் இறங்க மறுத்தால் தொங்கி இழுக்கக் கூடாது. கொஞ்சம் மண்ணை எடுத்துவிட்டால் இறங்கும்.

ஈரக்கல்லை இரண்டு உள்ளங்கையாலும் பக்கவாட்டில் ஏந்தித் தூக்க வேண்டும், விரல் நுனி பட்டால் பதிந்துவிடும். இறக்கிய உடனே பிளாஸ்டிக் விரிப்பால் காற்றுப் புகாமல் இரண்டு நாள் மூடிவைக்க வேண்டும். அதன் பிறகு நான்கு வாரம், கல் வெளுக்கவே விடாமல் தினம் இரண்டு மூன்று தடவை தண்ணீர். கைக்குக் கெட்டியாகத் தெரிவதால் பத்தாம் நாளே சுவருக்கு எடுக்கத் தோன்றும். அந்தக் கெட்டி காய்ந்த களியின் கெட்டி; தண்ணீரில் நிற்கும் வலுவைச் சிமென்ட்தான் தர வேண்டும், ஈரம் இல்லாவிட்டால் அது பாதியில் நின்றுவிடும். இந்த வேலை முழுவதிலும் அதிகக் கல் வீணாவது இந்த நான்கு வாரத்தில்தான், அதுவும் வெளியே தெரியாமலே.

28 நாள் முடிந்ததும் ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் ஒரு கல்லை எடை போட்டு, ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் போட்டு, மறுபடி எடை பார்க்கிறோம். 15 சதவீதத்துக்கு மேல் ஏறினாலோ, ஆணியால் கீறும்போது முனை சேறாக வந்தாலோ, அந்த அடுக்கு வெளிச்சுவருக்குப் போகாது. உலர்ந்த கல்லை வைத்துச் சோதிப்பதில் பயனில்லை. ஊறிய மண் கல்லின் வலு உலர்ந்ததில் ஏறக்குறைய பாதிதான், சுவர் தாங்கவேண்டியது அந்தப் பாதியில்.

கட்டும்போது கல்லை நனைத்துத்தான் வைக்க வேண்டும். உலர்ந்த கல் சாந்தின் தண்ணீரை உறிஞ்சிவிட்டால் பிடிப்பு வராது. சாந்து கல்லை விடக் கடினமாக இருக்கக் கூடாது. சிமென்ட் 1, சுண்ணாம்பு 1, மணல் 6 போதும். சிமென்ட் தூக்கலாக இருந்தால் சுவர் அசையும்போது இணைப்பில் விழவேண்டிய விரிசல் கல்லுக்குள் போய்விடும். முதல் வரி தரையிலிருந்து நன்றாக உயர்ந்த அடிமட்டத்தில், ஈரம் ஏறாத தடுப்பு அடுக்கின் மேல் தொடங்க வேண்டும். கூரை 60 செ.மீ.யாவது வெளியே நீண்டால் நல்லது. ஜன்னல் விளிம்பின் அடியில், தண்ணீர் சுவருக்குப் போகாமல் அங்கேயே சொட்டவைக்கும் பள்ளமான சொட்டுக்கோடு விட மறந்த இடங்களில்தான் சுவரில் கறை வழிந்து பார்த்திருக்கிறோம்.

பூச்சு வேண்டுமென்றால் சுண்ணாம்புப் பூச்சு, மேலே சுண்ணாம்பு வெள்ளை. பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்தால் சுவருக்குள் புகுந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் பூச்சுக்குப் பின்னால் தங்கி, ஓரிரு மழைக்காலத்தில் பூச்சு தோலாக உரிந்து வரும், கல்லின் முகத்தையும் கொஞ்சம் கூடவே எடுத்துக்கொண்டு.